குல்லாய்க்காரர்களும் உள்ளான்களும்

மார்கழியில் சென்னையில் இரண்டு கச்சேரி. ஒன்று சபாவில், மற்றொன்று பள்ளிக்கரணைச் சதுப்பில். இரண்டிலும் பாடுபவர்களைவிட விமர்சகர்களே அதிகம்.

பறவை ஆர்வலர் குழு விடிவதற்கு முன்பே ஆஜர். வெப்பநிலை 22 டிகிரிதான், ஆனாலும் தலையில் குரங்குக் குல்லாய். உடம்பில் இலை, கொடி அச்சிட்ட சட்டை. ஒரு பக்கம் வண்டிகள் அலறும் ரேடியல் சாலை, இன்னொரு பக்கம் பெருங்குடிக் குப்பைமேடு. இதில் எந்த இலைக்குள் ஒளியப் போகிறார்களோ! இளஞ்சிவப்பில் பளிச்சென்று நிற்கும் பூநாரைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.

வட ஆசியாவிலிருந்து ஊசிவால் வாத்து தன் இறக்கையால் வந்திறங்கியிருக்கிறது. அதைப் பார்க்க, அடுத்த தெருக்காரர் காரில் வந்து இறங்குகிறார்.

குழுவில் மரியாதை லென்ஸின் நீளத்தைப் பொறுத்தது. நீள லென்ஸ்காரர் "சார்", வெறும் பைனாகுலர்காரர் "தம்பி, கொஞ்சம் ஒதுங்குப்பா." சேற்றில் நிற்பது பொரி உள்ளானா, பச்சைக்காலியா என்று சாரும் சாரும் மோதிக்கொள்வார்கள். வழக்கு முடிவதற்குள் பிரதிவாதி பறந்துவிடும். பிறகு இட்லிப் பொட்டலம் பிரியும். அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பற்றி மட்டும் யாரும் வாதிடுவதில்லை.

கிண்டல் கிடக்கட்டும். 1987 முதல் ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, இப்படிப்பட்ட குல்லாய்க்காரர்கள் எண்ணித் தருவதை நம்பித்தான் ஓடுகிறது. 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய சதுப்பு இது. நீங்களும் வாருங்கள். லென்ஸ் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு வந்தால் போதும்.