ஆடிட்டருக்கு எதுக்கு அதெல்லாம்?

ஆடிட்டரைப் பார்ப்பது என்று முடிவானதும் நம்மவர் செய்கிற முதல் காரியம், அவரிடம் எதையெல்லாம் சொல்லக்கூடாது என்று பட்டியல் போடுவது. மனசுக்குள்தான். காகிதத்தில் எழுதினால் ஆடிட்டர் கண்ணில் பட்டுவிடுமே!

வருமான வரித்துறையிலிருந்து எஸ்எம்எஸ் வரும்வரை, "எங்க ஆபீஸ்லயே வரி பிடிச்சுடறாங்க" என்று காலரைத் தூக்கிவிட்டுத் திரிந்தவர். வந்த ராத்திரியே நமக்கு போன். "உங்க ஆடிட்டர் எப்படி சார்? ரொம்பக் கேள்வி கேக்கமாட்டாரே?" அதற்கப்புறமும் உடனே கிளம்பமாட்டார். 2025இல் ஜூலை 31 கெடுவை அரசாங்கம் செப்டம்பருக்குத் தள்ளிவைத்ததிலிருந்து, வருஷா வருஷம் தள்ளிவைப்பார்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. எனவே ஜூலை 30 சாயங்காலம்.

கையில் கட்டைப்பை. கரண்ட் பில், கேஸ் ரசீது, ஃப்ரிட்ஜ் வாரண்டி கார்டு, அன்னதானத்துக்கு 101 ரூபாய் கொடுத்த சீட்டு எல்லாம் இருக்கும். ஃபாரம் 16 இருக்காது. "அது மெயில்ல இருக்கு, பாஸ்வேர்டு பையனுக்குத்தான் தெரியும்."

வழியெல்லாம் நமக்கு எச்சரிக்கை. "எஃப்டி பத்தி மட்டும் வாயைத் திறந்துடாதீங்க சார்." எஃப்டி இருப்பதே நமக்கு அப்போதுதான் தெரியும். நாலு பேங்கில் பிரித்துப் போட்டிருக்கிறார். ஒரு பேங்கில் வருஷ வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் டிடிஎஸ் பிடிப்பார்கள், எதிலும் தாண்டவில்லை, ஆகவே அது வருமானமே இல்லை என்பது அவர் இயற்றிய சட்டம். அஞ்சாவது எஃப்டி மனைவி பேரில். போட்டது இவர் பணம். மனைவிக்குக் கொடுத்த பணத்தில் வரும் வட்டி கணவன் கணக்கில்தான் சேரும் என்று மெதுவாகச் சொல்லிப்பார்த்தால், "குடும்ப விஷயத்துல கவர்மெண்டுக்கு என்ன சார் வேலை?" என்று நம்மிடம் பாய்வார்.

"வட்டி ஏதாவது வருதா?" என்பார் ஆடிட்டர்.

"வட்டியா? நான் யாருக்கும் வட்டிக்கு விடறதில்ல சார்."

ஆடிட்டர் சிரிக்காமல் ஏஐஎஸ் அறிக்கையைத் திறப்பார். பான் நம்பர் என்று ஒன்று இருக்கிறதே, நாலு பேங்க் வட்டியையும் அது வரிசையாக நிறுத்தியிருக்கும். "இது?" "ஆமா, அது ஒண்ணு இருக்கு." "இது?" "அது பழசு சார்." "இது?" "அட, அதுவும் வந்துடுச்சா!" கடைசியில் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தால் நாம்தான் ஏமாளி. "எல்லாமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, அப்புறம் என்னை எதுக்கு சார் கேக்கறீங்க?" என்று அவருக்குத்தான் கோபம் வரும். அதோடு விட்டாரா? திரையை எட்டிப் பார்த்து, வெற்றிப் புன்னகையோடு, "வீட்டம்மா பேர்ல இருக்கறது இதுல வரலை பாருங்க!"

மோசடிக்காரர் இல்லை, பாவம். ஒவ்வொரு எஃப்டிக்கும் ஒரு பேர் வைத்திருக்கிறார்: பொண்ணு கல்யாணம், பையன் காலேஜ், அம்மா ஆஸ்பத்திரி. வட்டியைச் சொன்னால் கல்யாணத்தில் கொஞ்சம் குறைந்துவிடும் என்ற பயம்.

ஆனால், ராத்திரி ஒன்பது மணிவரை சாப்பிடாமல் கணக்குப் பார்த்த மனுஷர் ஃபீஸ் சொன்னதும், "ரெண்டு பட்டன் தட்டறதுக்கு இவ்வளவா?" என்று நம் காதில் கேட்பதை மன்னிக்க முடியாது. அந்த ஆடிட்டர் அடுத்த வருஷம் நம் போனை எடுக்கவேண்டாமா?

மறுநாள் ராத்திரி பதினோரு மணிக்கு நமக்கு போன். குரல் குசுகுசுவென்று வருகிறது.

"சார், ரிட்டர்னை இ-வெரிஃபை பண்ணணும்னு ஆடிட்டர் ஓடிபி கேக்கறார். ஓடிபியை யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்லேருந்து தினம் மெசேஜ் வருதே! வேற ஏதாவது நம்பரைச் சொல்லிடவா?"