முதுகைத் தொட்டுப் பாரு மருமவனே

வா மருமவனே, வா. வாசல்ல நிக்கது நீதானா, இல்ல சட்டையை மட்டும் அனுப்பி வச்சியான்னு ஒரு நிமிசம் திகைச்சுட்டேன். வாரத்துக்கு ஒரு ஊசியாம்லா! மவுஞ்சாரோ. 2025-ல நம்ம நாட்டுக்கு வந்துச்சு, உடனே உன் வயித்துக்கும் வந்துட்டு. ‘பசியே இல்ல மாமா’ன்னு பெருமை வேற. எங்க காலத்துல பசி எடுக்கலேன்னுதான் வைத்தியரைத் தேடுவோம்.

குத்தம் சொல்லல. உன் சர்க்கரைக்கு எடை இறங்குனது நல்லதுதான். ஆனா எட்டயபுரம் சந்தையில ஆடு பிடிக்கவன் தராசையா பாக்கான்? முதுகுத்தண்டுல கையை வச்சு அமுக்குவான். கறியா, வெறும் எலும்பான்னு விரலுக்குத் தெரிஞ்சிரும். நீ 12 கிலோ போச்சுங்கே. போனது கொழுப்பா, கறியா?

டாக்டருக்குப் படிக்க என் பேத்திகிட்ட கேட்டேன். செமாகுளுடைடுன்னு எடை குறைக்க இன்னொரு ஊசியை 68 வாரம் போட்டவங்கள்ல சிலரை ஸ்கேன் எடுத்தாங்களாம். குறைஞ்ச எடையில நூத்துக்கு 40 பங்கு கிட்ட கொழுப்பில்லாத எடை. அதுல தண்ணியும் சேத்திதான், அம்புட்டும் தசை இல்லைங்கா. உன் மவுஞ்சாரோவுல கால் பங்கு. அந்த செமாகுளுடைடை நிறுத்துனவங்களுக்கு ஒரு வருசத்துல, இறங்குனதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிட்டாம். ஏறும்போது கொழுப்புதான் முந்திக்கிட்டு வரும்.

நீ என்னடான்னா, உன் அத்தை இலை போட்டா ரெண்டு வாய் ரசஞ்சோறு, ஒரு அப்பளம், எந்திரிச்சிருதே. பசி இல்லாதவன் முதல்ல முட்டை, மீனு, பருப்புன்னு திங்கணும். வயித்துல இடம் மிஞ்சுனா சோறு. தினமும் உடம்பு எடையில கிலோவுக்கு 1.2 கிராம் புரதமாவது வேணுமாம். நீ 80 கிலோ, அப்போ 96 கிராம். ஒரு முட்டையில ஆறுதான் இருக்கு. அதுக்காக 16 முட்டையை முழுங்கிராதே, வீடு தாங்காது. கோழி, தயிரு, கடலை, சுண்டல்னு நாள் பூரா பிரிச்சுக்க. சாம்பாரை மட்டும் நம்பாதே, உங்க வீட்டுச் சாம்பார்ல பருப்பைத் தேட டார்ச் லைட்டு வேணும். கிட்னியில கோளாறு இருந்தா டாக்டரைக் கேட்டுக்க. தண்ணியைக் குடி, இல்லேன்னா காலையில நீ உள்ள போயி உக்காந்தா வெளிய வரிசை நிக்கும். வேகமா இளைச்சா பித்தப்பையில கல்லு வேற வரும். வலது விலாவுக்குக் கீழ பிடிச்சு வலிச்சா, வாயுன்னு சோடா குடிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடு.

‘நடக்கேன் மாமா’ங்கே. நட, நெஞ்சுக்கு நல்லது. தசை நிக்கணும்னா பாரம் தூக்கணும்லா, வாரத்துல ரெண்டு மூணு நாளாவது? எங்க, இந்தத் திண்ணையில இருந்து கையை ஊணாம எந்திரி பாப்போம். ஏம்ல, தூணைத் தேடுதே?

சரி, களத்துல உளுந்து மூட்டை கிடக்கு. இன்னைக்கு கால் மூட்டை, பழகுனப்புறம் அரை மூட்டை. முதுகை வளைக்காம முட்டியை மடக்கித் தூக்கு. டவுன்ல ஜிம்முல இதுக்குப் பணம் கட்டுதாங்க. மாமன் உனக்காக ஓசியில தாரேன், எனக்கும் ஆள் கூலி மிச்சம். எல்லாத்தையும் உள்ள வச்சுட்டு வா, அத்தை முட்டை அவிச்சுட்டு இருக்கா.