ஒரகடத்துக்கு வராத மாப்பிள்ளை

ஹெவி மெட்டல் பிறந்த கதையை ஒரகடத்தில் எந்த ஷிப்ட் இன்சார்ஜிடம் சொன்னாலும், "இது சேஃப்டி டிரெய்னிங்ல சொல்ற கதையாச்சே" என்பார்.

1965, பர்மிங்ஹாம். தகடு வேலை செய்யும் ஒரு கம்பெனியில் டோனி அயோமி என்ற 17 வயதுப் பையனுக்கு அன்று கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வந்தவன் வீட்டிலேயே தங்கியிருப்பான். "போய் முழுநாளையும் முடிச்சிட்டு வா" என்று அம்மா துரத்திவிட்டார். பிரஸ் மிஷின் ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத பையனைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். (ஆள் வராவிட்டால் பக்கத்து லைன் பையனை இழுத்துவிடுவது நம் ஊர்க் கண்டுபிடிப்பு என்று யாரும் பெருமைப்பட வேண்டாம்.) வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. பையன் இடதுகைக்காரன், கிட்டார் தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான். பாத்திரம் தேய்க்கும் சோப்பு பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்தான். மெல்லிய தந்தி மாட்டினான், பிறகு அதையும் தளர்த்தினான். சுருதி பாதாளத்துக்கு இறங்கியது. 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை, அவனுடைய குழுவான பிளாக் சபாத்தின் முதல் ஆல்பம் வந்தது. இ.எஸ்.ஐ. சரித்திரத்தில் இப்படியொரு செட்டில்மென்ட் கிடையாது.

பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரெடிட்ச். ராயல் என்ஃபீல்டின் தாய்வீடு. லெட் செப்லின் டிரம்மர் ஜான் பானம் பிறந்த ஊரும் அதுவே. அங்கிருந்த ஆலை 1967இல் மூடப்பட்டது. என்ஃபீல்டோ 1955லேயே மெட்ராஸுக்கு வந்து, திருவொற்றியூரில் குடித்தனம் நடத்தி, 2013இல் ஒரகடத்திலும் வீடு கட்டிவிட்டது. ஆக புல்லட், பிரஸ் ஷாப், வெல்டிங் பொறி என்று சீர்வரிசை மொத்தமும் வந்து இறங்கியாயிற்று. மாப்பிள்ளை மெட்டலை மட்டும் காணோம்.

ஏன்? எட்டு மணி நேரம் காதில் இயர் பிளக் செருகிக்கொண்டு அதே சத்தத்தைச் சம்பளத்துக்குக் கேட்டவன், வெளியே வந்து காசு கொடுத்தா கேட்பான்? தவிர, மெட்டலுக்கு நாலு பேர் ஒன்றாக நிற்க வேண்டும். கிட்டார்க்காரனுக்கு ஏ ஷிப்ட், டிரம்ஸுக்கு சி ஷிப்ட், பாடுகிறவன் ஓ.டி.யில் இருந்தால் கச்சேரி கம்பெனி பஸ் ஸ்டாப்பில்தான் நடக்கும், அதுவும் மூன்று நிமிடம்.

ராப்புக்கு ஒரு வாய் போதும். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்கத் தங்கை சிண்டி வைத்த பார்ட்டியில், அண்ணன் கூல் ஹெர்க் ரெக்கார்டு சுழற்றியதில் ஹிப்ஹாப் பிறந்தது என்பார்கள். அந்த அண்ணன் ரெக்கார்டு லேபிள்களைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவார். எந்தப் பாட்டு என்று போட்டிக்காரனுக்குத் தெரியக் கூடாதாம். இந்த விஷயத்தில் ஒரகடத்துக்குப் பக்கத்து ஊரான எங்கள் ஸ்ரீபெரும்புதூர்க்காரரே உசத்தி. ராமானுஜர் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் 18 தடவை நடையாய் நடந்து வாங்கிய ரகசியத்தை, கோபுரத்தில் ஏறி ஊருக்கே ரிலீஸ் செய்தார் என்கிறது குருபரம்பரைக் கதை. மைக் கிடையாது, குருவின் அனுமதியும் கிடையாது.

தமிழில் ராப்புக்கு 1994இல் 'காதலன்' படத்துப் பேட்டை ராப் பாதை போட்டது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை ஓடத் தொடங்கியது. அதே ஆண்டு மலேசியாவிலிருந்து யோகி பி அண்ட் நட்சத்ராவின் 'வல்லவன்' வந்தது. போன் இங்கே, பாட்டு அங்கே. 2014இல் நோக்கியா பூட்டிக்கொண்டு போனது. ராப் போகவில்லை, போன் மாறி உட்கார்ந்துகொண்டது.

தமிழன் மெட்டல் பக்கமே போகவில்லையா என்றால், போனான், சிங்கப்பூரில். 1992இல் தொடங்கிய 'ருத்ரா' குழு வேதாந்தத்தை அடித்தொண்டையில் கர்ஜிக்கிறது. ஒருமுறை இங்கே கூப்பிடலாம்தான். ஆனால் அவர்கள் கர்ஜிப்பது அத்வைதம். ராமானுஜரின் விசிஷ்டாத்வைத ஊரில் சவுண்ட் செக்குக்கு முன்னாலேயே வாதம் தொடங்கிவிடும்.