ஸ்கிரீன்ஷாட் இருக்குண்ணே!

(ரிச்சி தெரு. மாடிப்படிக்கு அடியில் ஒரு சர்வீஸ் கடை. அண்ணன் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர். தம்பி கம்ப்யூட்டரை 'ட்யூன்' செய்து கொடுப்பவர்.)

தம்பி: பாக்கெட்ல 3200ன்னுதான் போட்டிருந்துச்சு. நான் அதே ராமை 4000ல ஓட்டுறேன். அசையாம நிக்குது. செம ஸ்டேபிள்!

அண்ணன்: அப்புறம் எதுக்கு கேபினெட்டைத் தூக்கிட்டு இங்க வந்த?

தம்பி: சின்ன விஷயம்ணே. அப்பப்ப நீலத் திரை வருது.

அண்ணன்: அப்பப்பன்னா?

தம்பி: கேம் ஆடும்போது. வீடியோ ரெண்டர் போடும்போது. ஜிப் ஃபைல் பிரிக்கும்போது. மத்தபடி ஸ்டேபிள். ஸ்கிரீன்ஷாட் இருக்குண்ணே, பாருங்க.

அண்ணன்: இதை எடுத்து எவ்வளவு நேரத்துல நீலமாச்சு?

தம்பி: அதுக்குள்ளதான் எடுத்துட்டேன்ல!

அண்ணன்: காலையில சுவிட்சைப் போட்டா உடனே பூட் ஆகுதா?

தம்பி: மூணாவது தடவை ஆகிடும். போர்டு மெமரி ட்ரெய்னிங் பண்ணுதுண்ணே.

அண்ணன்: ட்ரெய்னிங் பண்ணி ரெண்டு தடவை ஃபெயிலாகுது. மூணாவது தடவை எப்படியோ தப்பிக்குது. அது சரி, இது என்ன, சிப்செட் மேல ஒரு ஃபேன்?

தம்பி: மெமரியை வேகமா ஓட்டினா சிப்செட் சூடாகும்ல? அதான் கூலிங்.

அண்ணன்: எந்தக் காலத்து வீடியோ பார்த்த? மெமரி கன்ட்ரோலர் சிப்செட்டோட நார்த்பிரிட்ஜ்ல இருந்தப்ப அது நியாயம். 2003ல அத்லான் 64, 2008ல நெஹாலம், ரெண்டும் அதை ப்ராசஸருக்குள்ளயே கொண்டு போயிடுச்சு. குடித்தனக்காரர் காலி பண்ணிட்டுப் போன வீட்டுக்கு நீ ஃபேன் மாட்டியிருக்க. இப்ப அடி வாங்குறது ப்ராசஸர். சிஸ்டம் ஏஜென்ட் வோல்டேஜ் எவ்வளவு வச்ச?

தம்பி: அதெல்லாம் ஆட்டோ.

அண்ணன்: ஆட்டோல விட்டா போர்டு தன் இஷ்டத்துக்கு ஏத்தும். உன்னைவிடத் தைரியசாலி அது. சிஎல்?

தம்பி: முன்னாடி 16. இப்ப 20. அதை ஏத்தினாத்தான் பூட்டே ஆச்சு.

அண்ணன்: கணக்குப் போடு. டிடிஆர் ராம்ல ஒரு கிளாக்குக்கு ரெண்டு தடவை டேட்டா போகும். 3200ன்னா அசல் கிளாக் 1600 மெகாஹெர்ட்ஸ். அதுல 16 கிளாக் காத்திருந்தா 10 நானோசெகண்ட். 4000க்கு அசல் கிளாக் 2000. அதுல 20 கிளாக்னா?

தம்பி: பத்து...

அண்ணன்: அதே பத்து. பேண்ட்விட்த் கூடும், அதை நான் மறுக்கல. ஆனா பயாஸ்ல இந்த வரியைப் பாரு, கியர் 2. நீ வேகத்தை ஏத்தினதும் போர்டு தானாவே கன்ட்ரோலரை மெமரியோட பாதி வேகத்துக்கு இறக்கிடுச்சு. கூடுன லாபத்துல கொஞ்சம் அங்கயே கரைஞ்சு போச்சு.

தம்பி: ஆனா பெஞ்ச்மார்க்ல 4000ன்னு காட்டுதே. ஸ்கிரீன்...

அண்ணன்: இருக்கு. தெரியும்.

(திறப்பு விழாவில் படம் எடுத்துக்கொண்டதும் காணாமல் போகிறவர்களை எத்தனையோ பார்த்துவிட்ட வாசகர்களுக்குத் தம்பியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.)

அண்ணன்: இது யார் பார்த்த வேலை? டி-ரெஃபி 65535!

தம்பி: ஒருத்தர் வீடியோல வச்சிருந்தார். பயாஸ்ல அதுதான் உச்சம். பெரிய நம்பர் நல்லதுதானே?

அண்ணன்: அது ரீஃப்ரெஷ் இடைவெளிடா. ராமுக்குள்ள ஒவ்வொரு பிட்டும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர்ல இருக்குற சார்ஜ். கசிஞ்சுக்கிட்டே இருக்கும். அதனால 64 மில்லிசெகண்டுக்குள்ள எல்லா வரிசையையும் ஒரு சுத்து புதுப்பிச்சாகணும். டிடிஆர்4ல சராசரியா 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை அந்தக் கட்டளை போகணும். சிப் 85 டிகிரி தாண்டினா அதையும் பாதியாக்கச் சொல்லுது தரநிலை. நீ வச்சிருக்கிறது கிட்டத்தட்ட 33 மைக்ரோசெகண்ட். நாலு மடங்குக்கு மேல! அந்த வீடியோக்காரர் எந்த ஊர்?

தம்பி: வெளிநாடு. ஜன்னலுக்கு வெளிய பனி கொட்டிக்கிட்டு இருந்துச்சு.

அண்ணன்: இந்த மெஷின் ஓடுற இடம்?

தம்பி: மொட்டைமாடி ரூம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

அண்ணன்: இது மே மாசம்.

தம்பி: ஸ்கிரீன்ஷாட் டிசம்பர்ல எடுத்ததுண்ணே.

அண்ணன்: மெம்டெஸ்ட்86 போட்டியா, இல்ல அதுவும் ஸ்கிரீன்ஷாட்தானா?

தம்பி: போட்டேனே, பென்டிரைவ்ல. கொஞ்ச நேரம் ஓடுச்சு. ஒரே ஒரு எரர். 16 ஜிபில ஒண்ணுன்னா எத்தனை சதவீதம்னு நீங்களே பாருங்க!

அண்ணன்: பத்தாங்கிளாஸ் பரீட்சையா இது, 35 வாங்கினா பாஸ் போட? ராமுக்கு ஒரு எரர் வந்தாலே ஃபெயில்தான். சரி, உன் மெஷின், உன் தலையெழுத்து.

தம்பி: என்னோடது இல்லண்ணே. எங்க தெரு போட்டோ ஸ்டுடியோக்காரரோடது. 2000 ரூபாய் வாங்கிட்டு ட்யூன் பண்ணிக் குடுத்தேன்.

(அண்ணன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்கிறார்.)

அண்ணன்: கல்யாணப் படமெல்லாம் இதுலதான் காப்பி பண்றாரா?

தம்பி: ஆமா. கொஞ்சப் படத்துல கீழ்ப்பாதி சாம்பல் கலரா வருதாம். கேமரா கார்டு சரியில்லன்னு நினைக்கிறார்.

அண்ணன்: அவரா நினைக்கிறாரா, நீ நினைக்க வச்சியா?

தம்பி: ...

அண்ணன்: நீலத் திரை எவ்வளவோ தேவலடா, தப்பு நடந்துச்சுன்னு கத்திச் சொல்லிடும். கார்டுல இருந்து படிச்ச படம் ராமுக்கு வந்து, அங்க ஒரு பிட் புரண்டா, புரண்டது புரண்டபடியே டிஸ்குக்குப் போகும். சத்தமே வராது. பிடிச்சுச் சொல்ல இதுல ஈசிசி ராமும் கிடையாது. காப்பி முடிஞ்சுதுன்னு அவர் கார்டை ஃபார்மட் பண்ணிடுவார். ஒரு பொண்ணு கழுத்துல தாலி ஏறின படம் போச்சு! திரும்ப எடுக்க முடியுமா? எதுக்காகப் போச்சு? உன் நம்பர் பெருசா தெரியணும்னு. அந்த மனுஷன் கேமராவைத் திட்டுறார், புதுக் கார்டு வாங்குறார், பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி தலையைக் குனிஞ்சு நிக்கிறார். நீ ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி அடுத்த கடையில 2000 கேக்குற. நம்பர் ஏறிடுச்சுன்னு பேனர் வைக்கிறவங்க யாரும் அது இறங்கும்போது பக்கத்துல இருக்கிறதில்லடா. வெக்கமா இல்ல உனக்கு?

தம்பி: இப்ப என்னண்ணே பண்றது?

அண்ணன்: பிளக்கைப் பிடுங்கு. சிமாஸைக் கிளியர் பண்ணு. முதல்ல எல்லாத்தையும் டிஃபால்ட்ல வச்சு டெஸ்ட். அது சுத்தமா வந்தா எக்ஸ்எம்பி மட்டும் ஆன் பண்ணு. 3200, சிஎல் 16, 1.35 வோல்ட், பாக்கெட்ல எழுதியிருக்கிறபடி. அதுவே ஓவர்கிளாக்தான், டிடிஆர்4க்குத் தரநிலை 1.2 வோல்ட். மறுபடி ராத்திரி முழுக்க டெஸ்ட். அதுக்கும் மேல ஆசையிருந்தா ஒரு நேரத்துல ஒரே ஒரு செட்டிங்கை மாத்து, நோட்டுல எழுதி வை, கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து சூடாகுற மாதிரி ஓட்டிப் பாரு.

தம்பி: அப்படிப் பண்ணினா ஒரு வாரம் இழுக்குமே!

அண்ணன்: இழுக்கும். ஓவர்கிளாக் தப்புன்னு நான் சொல்லல, நானும் பண்றவன்தான், என் வீட்டு மெஷின்ல. இப்ப ஸ்டுடியோக்காரருக்கு போனைப் போடு. கார்டை ஃபார்மட் பண்ண வேணாம்னு சொல்லு, தப்பு கார்டுல இல்ல, உன் மேலன்னும் சொல்லு. வாங்கின 2000த்தையும் திருப்பிக் குடு. எரர் பூஜ்யம்னு வர்ற வரைக்கும் இந்த மெஷின் என் கடையை விட்டு வெளிய போகாது.