ரெண்டு குழாய் ஸ்டீரியோ

(விழுப்புரத்தில் மாமாவின் பழைய மைக் செட் கொட்டகை. மாப்பிள்ளைக்கு ஊர் திண்டிவனம், வேலை சென்னையில் கம்ப்யூட்டர், பொழுதுபோக்கு பழைய எல்பி தட்டு சேர்ப்பது.)

மாப்பிள்ளை: மாமா, கையை எடுங்க! தட்டை ஓரத்துலதான் பிடிக்கணும். இது 1978-ல வந்த 'பிரியா'. தமிழ்ப் படப் பாட்டு முதன்முதலா ஸ்டீரியோவுல பதிவானது இதுலதான்.

மாமா: தெரியும்டா. மயிலம் பங்குனி உத்திரத்துக்கு இதைத்தான் போட்டேன். ஒரே ஆம்ப்ளிபையர், புளியமரத்துல ரெண்டு குழாய். ஸ்டீரியோன்னு சொன்னாங்களேன்னு ஒரு குழாயைத் திண்டிவனம் பக்கம் திருப்பினேன், இன்னொண்ணைப் பாண்டிச்சேரி பக்கம். ரெண்டு ஊருக்கும் ஒரே சத்தம்தான் போச்சு.

மாப்பிள்ளை: அய்யோ! இடது காதுக்கு ஒண்ணு, வலது காதுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுப் பதிஞ்சிருக்காங்க மாமா. அந்த பேஸ் கிட்டாரையாவது கேட்டீங்களா?

மாமா: குழாய்ல பேஸ் எங்கடா வரும்? கொரகொரன்னுதான் வரும். ஆனா காவடியைத் தோள்ல வச்சுக்கிட்டே ஆடினாங்க பாரு!

மாப்பிள்ளை: உலகமே ஆடுன நேரம் அது. 1977-ல 'சாட்டர்டே நைட் ஃபீவர்' வந்துச்சு. பிடிக்காதவங்களும் இருந்தாங்க. 1979 ஜூலை 12, சிகாகோ பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ தட்டுகளைப் பெட்டியில குவிச்சு வெடி வச்சுட்டாங்க.

மாமா: வெடியா? நாங்க அவ்வளவு செலவு பண்ணலை. கேசட் வந்ததும் உங்க அத்தை தட்டை வெந்நீர்ல முக்கி, வளைச்சு, பூச்சட்டி பண்ணிட்டா. தண்ணி வடிய நடுவுல ஓட்டைகூட ரெடியா இருந்துச்சு.

மாப்பிள்ளை: எந்தத் தட்டு?

மாமா: ஏதோ ராஜா பாட்டு.

மாப்பிள்ளை: ஏதோவா! இங்கிலாந்துல ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ்னு ஒரு கம்பெனி அவரோட பழைய பாட்டுகளைத் தொகுத்து 'சொல்ல சொல்ல'ன்னு எல்பியே போட்டிருக்கு. அதுல ஃபங்க் இருக்குன்னு வெள்ளைக்காரன் சொன்னப்புறம் எங்க ஆபீஸ்லயே ஆளாளுக்குத் தேடுறாங்க.

மாமா: ஃபங்க்குன்னா?

மாப்பிள்ளை: ஜேம்ஸ் பிரவுன் வழி மாமா. டிரம்ஸும் பேஸும் முன்னால நிக்கும். முதல் அடியில அழுத்தம் விழும், இடுப்பு தானா ஆடும்.

மாமா: ஆடி மாசம் கூழ் ஊத்துறப்ப நம்ம பம்பைக்காரர் பண்றதுதானே? அவருக்கு எப்ப சர்டிபிகேட் வரும்?

மாப்பிள்ளை: கிண்டல் பண்ணாதீங்க. பிளாக் ஐட் பீஸ்னு ஒரு அமெரிக்கக் குழு, 2003-ல 'எலிஃபங்க்'னு ஆல்பம் போட்டுச்சு. அதுல 'ஸ்ரீ ராகவேந்திரர்' படத்துப் பாட்டுலேர்ந்து ஒரு துண்டை எடுத்து வச்சிருக்காங்க.

மாமா: ரஜினியோட நூறாவது படம்டா! உங்க அத்தை விரதம் இருந்து பார்த்தா. அதுலயா ஆட்டத்துக்கு எடுத்தான்?

மாப்பிள்ளை: அவனுக்கு மந்திராலயம் என்ன தெரியும்? காதுக்குப் பிடிச்சுது, எடுத்தான்.

மாமா: அப்ப அவன் நம்ம மைக் செட் ஆளு. நீதான் வேற.

மாப்பிள்ளை: சரி, இந்த 'பிரியா' என்ன விலை? நடுவுல நெயில் பாலிஷ்ல உங்க பேரை எழுதியிருக்கீங்க, மார்க்கெட்ல பாதிதான் தேறும்.

மாமா: எழுதலைன்னா கல்யாண வீட்டுலயே காணாமப் போயிருக்கும். வாங்கிட்டுப் போய் எதுல போடுவே?

மாப்பிள்ளை: போடறதா? முள்ளு பட்டா தேஞ்சிடும் மாமா. ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டுவேன். பாட்டைப் போன்ல கேட்டுக்குவேன்.

மாமா: அப்ப விக்கறதுக்கில்லை, வாடகைதான். நாள் கணக்கு. சுவத்துல சும்மா தொங்கினாலும் மீட்டர் ஓடும். குழாய் கட்டற பையனுக்குச் சாப்பாடு தனி. அட்வான்ஸை வச்சுட்டு எடுத்துக்க.