பிளற்றினம் அண்ணை

கொக்குவிலில் ஒழுங்கைக்கு ஒருவராவது இப்படி இருப்பார். சுப்பர் மார்க்கெற் வரிசையில் அவருக்குப் பின்னால் அகப்பட்டவர் அன்றைக்கு வேறு வேலை வைத்திருக்கக் கூடாது. ஒரு பாணுக்கும் நாலு தக்காளிக்கும் முதலில் தன்னுடைய ரெலிபோன் இலக்கத்தைச் சொல்லுவார். பிறகு மனைவியுடையதை. "எதில பொயின்ற்ஸ் கூடக் கிடக்கெண்டு பாரும் பிள்ளை." பிள்ளை பார்த்துச் சொல்லும். "அப்ப மற்றதில போடும். அது இன்னும் வளரவேணும்." தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுகிற கரிசனையோடு சொல்லிவிட்டு, திரும்பி எங்களைப் பார்த்து ஒரு சிரிப்பு.

எங்கள் ஒழுங்கை ஆளுக்கு ஊர் வைத்த பெயர் பிளற்றினம் அண்ணை. அந்த அந்தஸ்து அவரிடம் இருந்தது மொத்தம் 32 மணித்தியாலம். பெயர் மட்டும் தங்கிவிட்டது.

எழுபதுகளில் சங்கக்கடையில் மனேஜராக இருந்தவர். கூப்பன் புத்தகம் ஆட்சி செய்த காலம் அது. ஊர் முழுக்கக் கூப்பனும் உமலுமாக அவர் மேசைக்கு முன்னால் நின்றது. இப்போது கவுண்டருக்கு முன்னால் அவர் நிற்கிறார். வரிசையின் முனைதான் மாறியிருக்கிறது. பேர்ஸைத் திறந்தால் காசைத் தேடவேண்டும். புடவைக்கடைக் காட், மருந்துக்கடைக் காட், பத்துத் தரம் வாங்கினால் ஒரு கேக் இலவசம் என்று முத்திரை குத்திய மட்டை. அந்த மட்டையில் ஒன்பது முத்திரை விழுந்திருக்கிறது, பேக்கரிதான் பூட்டியாயிற்று. ஆனாலும் மட்டையை எறிய மாட்டார். "திரும்பத் திறந்தா?"

கிறெடிற் காட் வந்த வழி வேறு. ரொரன்ரோ மகன் அனுப்புகிற காசை நிலையான வைப்பில் போடப் போன இடத்தில், வங்கிப் பிள்ளை அந்த வைப்பைப் பிணையாக வைத்து ஒரு காட்டைக் கையில் கொடுத்துவிட்டது. கடன்காரன் என்ற சொல்லுக்குப் பயந்த பரம்பரை. ஆகவே அண்ணை காலையில் காட்டில் சாமான் வாங்குவார். பின்னேரமே வங்கிக்குப் போய்க் காசைக் கட்டிவிட்டு வருவார். இப்படி ஒரு வாடிக்கையாளரால் வங்கிக்கு என்ன லாபம் என்று நான் ஒருநாள் கேட்டேன். "அதுதானே விளையாட்டு," என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல்லுத் தீட்டிக்கொண்டு நின்றவருக்கு மெசேஜ் வந்தது. வாழ்த்துகள், நீங்கள் பிளற்றினம் அந்தஸ்துக்கு உயர்த்தப்பட்டுள்ளீர்கள். மூன்று மொழியிலும் இருந்தது. சலுகைகளில் முதலாவது, விமான நிலைய ஓய்வறையில் இலவச அனுமதி. லவுஞ் என்று போட்டிருந்தால் அவருக்கு விளங்கியிருக்கும். ஓய்வறை என்று மொழிபெயர்த்த புண்ணியவான் யாரோ, அண்ணி வாசித்துவிட்டுக் கேட்டா: "கட்டுநாயக்காவில உதுக்குப் போறதுக்கும் இப்ப காட் வேணுமாமே?"

அண்ணைக்கு விமானம் ஏறுகிற எண்ணம் இல்லை. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமானபோது கூட வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினவர். கட்டுநாயக்காவுக்குப் போவதெல்லாம் ஆட்களை ஏற்றிவிடத்தான். ஏற்றிவிட வந்தவன் அந்த லவுஞ்சின் கதவைக்கூடக் காணமுடியாது, அது குடிவரவு கடந்து உள்ளே இருக்கிறது என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து யாருக்குத்தான் வாய் வரும்?

அவருக்கு வேண்டியது லவுஞ் அல்ல. எங்கள் பக்கத்தில் மனிதர் ஒருவருக்குப் பெயர் மட்டும் போதாது. முன்னால் அல்லது பின்னால் ஏதாவது தொங்கவேண்டும். சமாதான நீதவான் என்றால் கலியாணக் கார்ட்டில் இரண்டு எழுத்து கூடும். வாத்தியார் ஓய்வுபெற்றாலும் மாஸ்டர்தான். சங்கக்கடை மனேஜருக்கு அப்படி ஒன்றும் மிஞ்சுவதில்லை. மரண அறிவித்தலில் 'முன்னாள் முகாமையாளர்' என்று போடுவார்கள், உண்மைதான். ஆனால் அதைத் தானே வாசிக்கக் கிடைக்காது.

அன்று மாலை மஞ்சவனப்பதி முருகன் கோயில் பூசைக்கு வந்தவர்களுக்குத் திருநீற்றோடு இந்தச் செய்தியும் கிடைத்தது. இரவு ரொரன்ரோவுக்குப் போன். அடுத்தநாள் சனிக்கிழமை சலூனில் தலைமயிர் வெட்டு, கூடவே நரைக்குக் கறுப்பு. பின்னேரம் இரண்டாவது மெசேஜ் வந்தது. தொழினுட்பத் தவறு காரணமாக முன்னைய செய்தி அனுப்பப்பட்டுவிட்டது. தயவுசெய்து அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பொருட்படுத்தாமல் இருப்பதா! தலைக்குக் கறுப்பு அடித்தாயிற்று.

முதலில் சாட்சியம் சேர்த்தார். ஆடியபாதம் வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போய், போனையே கண்ணாடியில் கவிழ்த்து வைத்துக் கொப்பி எடுக்கச் சொன்னார். மூன்று தரம் எடுத்தும் கறுப்புத் தாள்தான் வந்தது. கடைப் பொடியன் இரக்கப்பட்டு ஸ்கிரீன்ஷொட் எடுத்து, கலரில் அச்சடித்து, லமினேற் பண்ணியும் கொடுத்தான். திங்கட்கிழமை அதை மார்போடு அணைத்தபடி யாழ்ப்பாணம் ரவுணுக்குப் பஸ் ஏறினார். துணைக்கு நான்.

வங்கியின் பெயர் வேண்டாம். எல்லா வங்கியிலும் அதே குளிர், அதே பிளாஸ்ரிக் பூ.

"சேர், அது சிஸ்ரம் எரர்."

"தங்கச்சி, போன ஆவணியில நல்லூர்த் தேரண்டு நான் ஒருநாள் பிந்திக் கட்டினன். தண்டம் வெட்டினது ஆர்?"

"அது சிஸ்ரம் தானா வெட்டும் சேர்."

"அண்டைக்கு அதுக்கு எரர் வரேல்லையோ?"

பிள்ளை கீபோர்ட்டைப் பார்த்தது. எனக்கு அன்றைக்கு அண்ணையில் பெரிய மதிப்பு வந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லுகிறேன். கம்பனிக்காரரின் இயந்திரம் தங்களுக்குச் சாதகமாகப் பிழைத்து, அவர்கள் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டதை நானும் கண்டதில்லை.

"என்ர அப்பா இந்தக் கொக்குவிலில சுருட்டுக் கொட்டில் வைச்சிருந்தவர். தெற்குக் கடைகளுக்குக் கட்டுக்கட்டாப் போகும். துண்டில எழுதின கணக்குக்குக் காசு வந்தது. ஒருத்தனும் பேனை பிழைச்சிட்டுது எண்டு சொல்லேல்லை." பிள்ளை உள்ளே போய், மனேஜரோடு கதைத்து, திரும்பி வந்து 500 பொயின்ற்ஸ் நல்லெண்ணமாகத் தரலாம் என்றது. அண்ணை லமினேற்றை எடுத்துக்கொண்டு எழும்பினார். "கோட்டில சந்திப்பம்."

யாழ்ப்பாணத்தானுக்கு வழக்கு புதிதல்ல. எல்லைக் கதியால் அரையடி தள்ளி நின்றதற்கு அண்ணை பதினொரு வருடம் நீதிமன்றம் ஏறினவர். அந்த வழக்கைப் பேசின சட்டத்தரணி ஐயாவிடமே போனோம். ஐயா லமினேற்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அண்ணையின் பக்கம் பலமாகத்தான் தொடங்கியது. இங்கிலாந்தில் ஒரு கம்பனி, எங்கள் புகைக்குண்டைச் சொன்னபடி மூக்கில் பிடித்தும் காய்ச்சல் வந்தால் 100 பவுண் தருவோம், அதற்காக வங்கியில் 1,000 பவுண் போட்டும் வைத்திருக்கிறோம் என்று பேப்பரில் விளம்பரம் செய்தது. கார்லில் என்ற அம்மணி பிடித்தா, காய்ச்சலும் வந்தது. அது சும்மா விளம்பரம் என்று கம்பனி நழுவப் பார்க்க, 1892 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் காசைக் கொடு என்றது.

"அப்ப எங்களுக்கும்..." என்று அண்ணை கதிரை நுனிக்கு வந்தார்.

"பொறும். சிங்கப்பூருக்கு வாரும்."

2003 ஜனவரி 13. அங்கே ஓர் இணையக் கடையில் 3,854 டொலர் லேசர் பிரின்டர் ஒன்று 66 டொலர் என்று விழுந்துவிட்டது. பணியாளர் பயிற்சிக்குப் போட்ட விலை தவறுதலாகக் கடைக்கே ஏறிவிட்டது. விடியப்புறம் நண்பர்கள் ஆறு பேர் ஒருவரை ஒருவர் எழுப்பி 1,606 பிரின்டருக்கு ஓடர் போட்டார்கள். ஆறு வீட்டுக்கு ஆயிரத்து அறுநூறு பிரின்டர்! அவர்களில் ஒருவர் சட்டத்தரணி வேறு. கடை தர மறுக்க, வழக்கு. கேட்டவர் நம்மவர் பெயருள்ள நீதிபதி, வி.கே. ராஜா. பிழை என்று தெரிந்துகொண்டே பாய்ந்து பிடித்தவனுக்கு ஒப்பந்தம் இல்லை என்று 2004இல் தள்ளிவிட்டார். அடுத்த வருடம் மேன்முறையீடும் தோற்றது.

"அது ஆங்கிலச் சட்டம். நாங்கள் ரோமன் டச்சு," என்றார் அண்ணை. கதியால் வழக்கில் கற்றது.

"அதிலயும் தெரிஞ்சு பறிச்சவனுக்கு இடமில்லைக் காணும்."

அண்ணை விடவில்லை. கத்தே பசிபிக் 2019 புதுவருடத்தில் வியட்நாமிலிருந்து நியூயோர்க்குக்கு 16,000 டொலர்வரை விற்கிற ரிக்கெற்றுகளை ஆயிரத்துக்கும் குறைத்துத் தவறிப் போட்டுவிட்டு, வாங்கினவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போனதே? மகன் சொன்ன கதை, உண்மையும்தான். "அது அவன் தன்ர மரியாதைக்குச் செய்தது. மரியாதைக்கு வழக்குப் போடேலாது," என்றார் ஐயா. பிறகு பிலிப்பைன்ஸ் கதையையும் எடுத்துவிட்டார். 1992 மே மாதம் பெப்சிக்காரர் மூடிக்குள் இலக்கம் அச்சடித்து, 349 வைத்திருப்பவருக்கு 10 இலட்சம் பெசோ என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்கள். இரண்டொரு மூடியில் இருக்கவேண்டிய இலக்கம் இலட்சக்கணக்கான மூடிகளில் இருந்தது. சனம் தெருவில் இறங்கியது, லொறிகள் எரிந்தன. கம்பனி ஆளுக்கு 500 பெசோ நல்லெண்ணமாகத் தருகிறோம் என்றது. 2006இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் கம்பனியின் பக்கமே நின்றது.

"அங்கையும் ஐந்நூறு தானோ?" என்றார் அண்ணை மெதுவாக.

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். கோட்டில் கேட்கிற தொனியில் கேட்டார்: "மாசம் தக்காளிக்கும் பாணுக்கும் காட் தேய்க்கிற மனுசன் நீர். வங்கி உம்மை விசேஷமாத் தெரிவு செய்து பிளற்றினம் ஆக்கினது எண்டு அந்தக் காலமை மெய்யாவே நம்பினனீரோ?"

அண்ணை வாயைத் திறந்தார், மூடினார். இல்லை என்றால் தெரிந்து பிடித்தவர். வழக்கு அந்த இடத்திலேயே முடிந்துபோகும். ஓம் என்றால் வெல்ல ஒரு வழி இருக்கலாம். ஆனால் அதைச் சாட்சிக் கூண்டில் ஏறி, ஊர்ச் சனம் பின்வாங்கிலில் இருந்து கேட்க, சத்தியம் பண்ணிச் சொல்லவேண்டும்.

"யோசிச்சுச் சொல்லுறன் ஐயா," என்றார்.

பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. கொக்குவில் சந்தியில் இறங்கும்போதுதான் சொன்னார்: "நம்பினனான் தான் தம்பி."

இதோடு விட்டிருந்தால் நல்லது. ஆனால் அடுத்த வெள்ளி கோயில் வாசலில் கம்பனிகளின் நாணயம் பற்றி அவர் பேசிக்கொண்டு நிற்க, செருப்புக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி ஒருவர் தலையை நிமிர்த்தினா. எண்பது தாண்டியவா. காது மந்தம், வேண்டியது மட்டும் கேட்கும்.

"மனேஜர் தம்பி, சங்கக்கடைப் பலகையில சீனி விலை எழுதினது ஞாபகமிருக்கோ? தீபாவளிக்கு மேலதிகமா வந்த சீனி."

"எந்தச் சீனி ஆச்சி?"

"முன் இலக்கம் விடுபட்டு எழுதிப்போட்டீர். நான் கைப்பிள்ளையோட விடிய நாலு மணிக்கு வந்து முதல் ஆளா நிண்டனான். என்ர முறை வரேக்குள்ள உள்ளங்கையால அழிச்சுப்போட்டு, சோக்கு உடைஞ்சு போச்சு எண்டீர்."

"அது சோக்குப் பிழை தானே ஆச்சி."

"ஓம் ராசா. நான் இல்லையெண்டே சொன்னனான்?"

அண்ணை முருகனைப் பார்த்தார். முருகன் திரைக்குள்.

திங்கட்கிழமை வங்கிக்குப் போன் எடுத்து அந்த 500 பொயின்ற்ஸைத் தரச் சொன்னார். நல்லெண்ணம் காலாவதியாகவில்லை, வந்தது. சுப்பர் மார்க்கெற்றில் அதைக் கொடுத்துச் சீனி வாங்கினார். அப்படி வாங்கியதற்குப் புதிதாகப் பொயின்ற்ஸ் விழுமா என்று கேட்டார் என்பதையும் பதிவு செய்யவேண்டும். விழாது என்றார்கள்.

ஒரு கிலோப் பையோடு ஆச்சியின் படலைக்குப் போனோம். ஆச்சி இரண்டு கையாலும் வாங்கி, தூக்கிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டா. அண்ணை சட்டைப் பையிலிருந்து தாளும் பேனையும் எடுத்தார்.

"கிடைச்சது, இனி ஒரு கணக்கும் இல்லை எண்டு ஒரு கையெழுத்துப் போடுங்கோ ஆச்சி."

ஆச்சி தாளை வாங்கவில்லை. விரல் மடித்து ஏதோ எண்ணிக்கொண்டிருந்தா.

"வட்டி?"