பல்லாழிப் புணரியல்

மாணாக்க, கேள். பழைய விரைமிதிவண்டியைப் புதுக்குங்கால் வெவ்வேறு குடியிற் பிறந்த உறுப்புகள் தம்முள் கூடுவது புணர்ச்சி எனப்படும். வண்டியில் முன்னரே இருப்பது நிலையுறுப்பு. புதிதாய் வந்து பொருந்துவது வருமுறுப்பு. பெருங்குடிகள் மூன்று: 1921இல் சப்பானின் சகாயில் தோன்றிய சிமானோ, 1933இல் இத்தாலியின் விசென்சாவில் தோன்றிய காம்பக்னோலோ, 1987இல் சிகாகோவில் தோன்றிய சிராம். சிறுகுடிகளை விடுத்தோம்.

கடைத்தெருவார் செயின் என்பது ஈண்டுத் தொடரி. பற்கள் சூழ்ந்த வட்டு பல்லாழி. பின்னே ஆழிகள் செறிந்து நிற்பது அடுக்கு. அடுக்கைத் தாங்குவது குடம். தொடரியை ஆழிவிட்டு ஆழி ஏற்றுவது தள்ளி. தள்ளியைக் கம்பியால் ஆள்வது நெம்பு.

புணர்ச்சி மூவகைத்து: இயல்பு, திரிபு, புணராமை.

இயல்பாவது ஒன்றும் செய்யாமலே பொருந்துவது. சிமானோக் குடத்தில் சிராம் அடுக்கு ஏறுதல் காட்டு. தொடரியின் கணுவிடை 12.7 மி.மீ. எல்லாக் குடிக்கும் பொதுவாதலும் இதன்பாற்படும்.

இதனுள் மயங்கியல்பு என ஓர் உட்பிரிவு உண்டு; அஃது எண் ஒவ்வாதிருந்தும் இயைவது. காம்பக்னோலோவின் பழைய பத்துப்படி நெம்பு, சிமானோத் தள்ளி, சிமானோ எட்டாழி அடுக்கு ஆகிய மூன்றும் கூடின் செவ்வனே இயங்கும். என்னை? அந்நெம்பு படிக்கு ஏறத்தாழ 2.8 மி.மீ. கம்பியை இழுக்கும். தள்ளி அதனை 1.7 மடங்காக்கும். பெருக்க வருவது 4.76, எட்டாழி அடுக்கின் ஆழியிடைவெளியோ 4.8. எஞ்சிய 0.04ஐத் தள்ளியின் நெகிழ்ச்சி பொறுத்துக்கொள்ளும். மீந்த இரு படிகள் வாளா இருக்கும். பத்தைக் கொண்டு எட்டை ஆள்வது ஏன் என வினவுவோர் இந்நூல் கேட்டற்கு உரியரல்லர்.

திரிபு, தோன்றல் திரிதல் கெடுதல் என மூன்றாம்.

தோன்றலாவது இரண்டுறுப்பின் இடையே மூன்றாவது ஒன்று வந்து நிற்பது. எட்டாழிக் குடத்தில் ஏழாழி அடுக்கு ஏறின் 4.5 மி.மீ. வளையமும், பதினோராழிக் குடத்தில் ஒன்பதாழி அடுக்கு ஏறின் 1.85 மி.மீ. வளையமும் தோன்றும், இவை வளையத் தோன்றல். நெம்பின் இழுப்பு தள்ளிக்கு ஒவ்வாவிடத்துக் கம்பிவழியில் ஈரளவுச் சிற்றுருளை நின்று இழுப்பைக் கூட்டுவதும் குறைப்பதும் உருளைத் தோன்றல்.

திரிதலாவது நிலையுறுப்பே வடிவு மாறுவது. 1980களின் எஃகுச் சட்டகங்களிற் பலவற்றின் பின்கவை 126 மி.மீ. அகலமுடையது. எட்டாழிக் குடம் 130 கேட்கும். ஆகவே கவையைப் பக்கத்துக்கு 2 மி.மீ. விரித்து வளைப்பது கவைத்திரிபு. ஒருபுறம் மட்டும் விரிந்து நிற்பது கோணல், திரிபன்று. விரித்தபின் கவைமுனைகள் இணையாக நிற்றலையும் நூல்பிடித்துத் தேர்க. எஃகுக்கே இந்நூற்பா. அலுமினியமும் கரிநாரும் திரியா, முறியும்.

கெடுதலாவது உறுப்பில் ஒன்று நீங்குவது. ஏழாழிக் குடத்தில் ஒன்பதாழி அடுக்கினின்று ஓர் ஆழி கெட, எஞ்சிய எட்டும் அமரும். பேராழிகள் பலவும் ஆணியாற் பிணைப்புண்டு கிடத்தலின், தனித்துக் கழலும் நடுவாழி கெடுதலே எளிது.

புணராமை பெரும்பாலும் மிதியச்சு ஓடும் அடிக்குடத்தின் புரியில் நிகழும். இத்தாலியப் புரி 36 மி.மீ., பிரெஞ்சுப் புரி 35, ஆங்கிலப் புரி ஏறத்தாழ 34.8. அப்புரியில் திருகி மிதியச்சைத் தாங்குவன கிண்ணங்கள். ஆங்கில வலக்கிண்ணம் இடஞ்சுழியாகத் திருகும். ஏனை இரண்டும் இருபுறமும் வலஞ்சுழி. பிரெஞ்சுச் சட்டகத்தில் ஆங்கில இடக்கிண்ணம் முதற்சுற்றில் இனிதே நுழையும். பின்னர் இறுகிப் புரியைத் தின்னும். இது போலிப்புணர்ச்சி. கைவலியைக் கொண்டு இதனை இயல்பென முடிவுகட்டுவோர் பலர், அவரை விலக்குக.

புறனடை: 1984இல் சிமானோ தன் டூரா-ஏசு உறுப்புகளில் படிநெம்பைக் கொணருமுன் விரைவண்டிகளில் உராய்நெம்பே பெருவழக்கு. அதற்குப் படியில்லை; தொடரி ஏறும் ஓசை கேட்கும்வரை இழுத்து நிறுத்துவதே முறை. ஆதலின் எக்குடியின் தள்ளிக்கும் எவ்வடுக்கிற்கும் அது பொருந்தும். நெம்பு பற்றி மேற்கூறிய யாவும் அதன்முன் செல்லா. உராய்நெம்பு உடையார்க்கு இந்நூலிற் பெரும்பகுதி வேண்டாமையின், அது விரிக்கப்படவில்லை.